ஒருத்திக்கு ஒரு மூட்டை

லூசியானா
பெரிய வியாழன், மாலை

அன்புள்ள தம்பி கிர்பிக்கு,

“மூட்டை பூராவுமா வாங்கிட்ட? ஒத்த ஆளா அத வச்சு என்னக்கா பண்ணுவ?” என்று மதியம் தொலைபேசியில் கேட்டாய். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இப்போதும் அதையேதான் யோசிக்கிறேன்.

நண்டுபோல் கொடுக்குள்ள நம் சேற்றிறாலை அரை மூட்டையாக வாங்கத் தெரியாத வீட்டில் பிறந்தவர்கள் நாம். நாளை நீ குடும்பத்தோடு வருகிறாய் என்று காலையிலேயே போய் எடுத்து வந்துவிட்டேன். வர முடியாது என்று நீ அழைத்தபோது மூட்டை வண்டியைவிட்டுக்கூட இறங்கவில்லை. இப்போது கொட்டகையில் ஈரச் சாக்குக்கு அடியில் உயிரோடு கிடக்கிறது. கொடுக்குகள் வலைப்பையில் உரசும் சத்தம், சருகில் தூறல் விழுவதுபோல, நான் எழுதும் மேசைவரை வருகிறது. வீட்டில் வேறு சத்தம் இல்லை.

பையனுக்குப் பந்தாட்டம் என்றாய். சரி. பெரிய வெள்ளியன்று ஆட்டம் வைக்கிற ஊர் என்ன ஊர் என்று கேட்கத் தோன்றியது. நீ போய்க் குடியேறிய டென்னசியில் எப்படியோ, எனக்குத் தெரியாது.

இங்கே செய்தி அதிகமில்லை. புயலுக்குப் பின் நம் தெருவில் மிஞ்சியது நானும் எதிர்வீட்டு நோலனும்தான். அவருக்கு முழங்கால் வலி, வாய்க்கு ஒன்றுமில்லை. உன் வீடு இருந்த இடத்தில் சிமெண்டுத் தளம் அப்படியே இருக்கிறது. ஒரு விரிசல் இல்லை. சுற்றிலும் புல்லை நான்தான் வெட்டுகிறேன். போன வாரம் ஒருவர் வந்து, இடம் விற்பனைக்கா என்று விசாரித்தார். தம்பியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இதை நான் கேட்பதாக எடுத்துக்கொள்ளாதே.

உனக்கு நினைவிருக்கிறதா? பெரிய வெள்ளி விருந்துக்கு யாரையும் அழைக்க மாட்டோம். நீ வாசலில் எரிவாயு அடுப்பைப் பற்றவைத்ததும் அது உறுமும். அந்த உறுமலுக்கே தெரு திரண்டு வரும். நீ துடுப்பை வைத்துக்கொண்டு அண்டாவை யாரையும் நெருங்க விடமாட்டாய். “ஊறட்டும்! கைய வச்சா வெட்டிருவேன்!” பசியில் எல்லோரும் உன்னைத் திட்டுவார்கள். பிறகு செய்தித்தாள் விரித்த மேசையில் நீ அண்டாவிலிருந்து தூக்கிய கூடையைக் கவிழ்ப்பாய். சிவப்பு மலை, ஆவி, நடுவே சோளமும் உருளைக்கிழங்கும். அதற்கப்புறம் பேச்சே இருக்காது. இறால் தலையை உறிஞ்சும் சத்தம்தான். காரக் கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டு ஏதாவதொரு குழந்தை அலறும்வரை.

வேகவைக்குமுன் நீ உப்புநீரில் அலசுவாய். குடல் சுத்தமாகுமாம். அதனால் ஒரு பயனும் இல்லை, ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் சொல்வேன். “தள்ளி நில்லுங்கப்பா, பட்டதாரி வந்துட்டா, இறாலுக்குப் பாடம் எடுக்கப்போறா!” என்பாய். தெருவே சிரிக்கும். அப்போது எனக்குக் கோபம் வரும். என் பேச்சை வைத்து அத்தனை பேர் சிரித்த இடம் வேறெங்கும் எனக்கு அமையவில்லை.

மூட்டையை வாய்க்காலில் அவிழ்த்துவிடலாம் என்றும் யோசித்தேன். நாளை பார்க்கலாம். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். பையன் ஆட்டத்தில் ஜெயிக்கட்டும். தோற்றாலும் குற்றமில்லை, உடம்பு நோகாமல் வீடு வந்து சேரட்டும்.

உன் அக்கா,
க்ளோடெட்

வெள்ளி, இரவு

கடிதத்தை இன்னும் அனுப்பவில்லை. இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

மேசையை இழுத்துப் போய் உன் தளத்தின்மேல் போட்டேன். இறாலை அலசும்போது உப்பைக் கொட்டினேன். காரணம் கேட்காதே. அடுப்பு பழையபடியே உறுமியது. நோலன் மட்டும் கைத்தடியோடு தெருவைக் கடந்து வந்தார். மேசையில் தன் பழைய இடத்திலேயே நின்றார். நாலைந்து உரித்துத் தின்றுவிட்டு, “காரம் பத்தல. இது உன் தம்பி கை இல்லியே. எங்க அவன்?” என்றார். அடுத்த தடவை வருவான் என்றேன். “அடுத்த தடவைக்கு நான் இருக்கணுமில்ல? அதையும் அவன்கிட்ட சொல்லிவை” என்றார். அவர் பங்கைக் கட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

மலை அப்படியே இருந்தது. இருட்டும்வரை நின்றபடி உரித்தேன். சதையை உனக்காக உறைபெட்டியில் வைத்திருக்கிறேன். வாலில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கொழுப்பைக் கழுவிவிட்டால் நெடுநாள் கெடாது, ருசி போய்விடும். கழுவாவிட்டால் சீக்கிரம் வந்து தின்ன வேண்டும்.

நான் கழுவவில்லை.