இரண்டாம் செவ்வாயின் மிஸ்கோல்

3 பெப்ரவரி 2026, செவ்வாய்

காலையில் மீன்பிடிப் படகுகள் பற்றிக் கொழும்புப் பத்திரிகைக்கு எட்டு வரி அனுப்பினேன். மாலை ஐந்துக்கு வழமைபோல உட்துறைமுக வீதி, ஹிஸ்புல்லாவின் போன் கடை. முப்பத்தெட்டு வருடம் நிருபராக ஓடியவனுக்கு மாலையில் நான்கு பேர் கதைக்கும் இடம் ஒன்று வேண்டும். மற்ற இடங்களில் அரசியல் கதைக்கிறார்கள், அது எனக்கு வேலை. இங்கே போன் கதைக்கிறார்கள். எனக்கு அதில் ஒன்றும் தெரியாதபடியால் நிம்மதி.

இன்று தலைப்பு 5ஜி. நில அளவைக் கந்தோரில் படம் வரையும் பிரசாந்தினி தன் புதிய டெப்லெட்டைக் கொண்டுவந்திருந்தாள். பேனா தொட்ட இடத்துக்கும் கோடு விழும் இடத்துக்கும் இடையில் தாமதமே இல்லை என்று ஒவ்வொருவரையும் கையெழுத்துப் போடவைத்தாள். 5ஜி வந்தால் பெரிய வரைபடங்கள் கண் சிமிட்டும் நேரத்தில் இறங்குமாம். பஹ்மி கிண்ணியாக்காரன், தொலைபேசிக் கோபுரங்களில் ஏறி வேலை செய்பவன். அவன் மசியவில்லை. "மேல ஏறினாப் பிறகு எல்லா ஜியும் ஒரே வெயில்தான், தங்கச்சி."

பட்டினத்துத் தெருக்களில் திரியும் மான்களில் ஒன்று வாசலில் வந்து நின்றது. ஹிஸ்புல்லா வெறும் போன் பெட்டியைக் காட்டி விரட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். என்னுடையது பொத்தான் போன், பின்மூடி விழாமல் ரப்பர் வளையம் போட்டது. தொல்பொருள் ஆட்கள் இதைக் கண்டால் சுற்றிவர எல்லைக்கல் நட்டுவிடுவார்கள் என்றார். சிரித்தோம்.

ஆனால் கம்பனியின் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. பட்டினப் பகுதியில் பழைய நெட்வேர்க் மார்ச் முதலாம் திகதியோடு நிற்கிறதாம். இந்தப் போன் அதற்குப் பிறகு அடிக்காது.

10 பெப்ரவரி, செவ்வாய்

பிற்பகல் 3.38. போன் ஒரு தரம் அடித்து நின்றது.

பூரணி வீடு போய்ச் சேர்ந்துவிட்டாள். 3.38 என்றால் பிற்பகல் ஒன்றரைக்குப் புறப்பட்ட பஸ். 4.20 என்றால் இரண்டேகால் பஸ். ஒருமுறை 6.05 ஆனது. குச்சவெளிக்குக் கிட்ட பஸ் பழுதாகி நின்றதென்று மறுநாள் சாரதி ஒருவரிடம் விசாரித்து உறுதிப்படுத்தினேன்.

மாதத்தின் இரண்டாம் செவ்வாய் அவளுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் சீனி வருத்தக் கிளினிக். என் வீட்டிலிருந்து நடந்தால் பன்னிரண்டு நிமிடம். அவள் இந்தப் பக்கம் வருவதில்லை. 2019இல் ஒருநாள் பஸ் நிலையத்தில் தூரத்திலிருந்து கண்டேன், குடையை மடித்துக்கொண்டிருந்தாள். கிட்டப் போகவில்லை.

2015 தை மாதம், விழுந்து படுக்கையாய்க் கிடந்த தன் தகப்பனைப் பார்க்க இந்த வீட்டிலிருந்து திரியாய்க்குப் போனாள். போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்கோல் தா என்று நான்தான் சொல்லிவிட்டேன். 2017இல் தகப்பன் இறந்தார். அன்று இங்கே ஒரு கப்பல் விவகாரம், செய்தி வேண்டுமென்று கொழும்பு ஆசிரியர் பீடம் விடாப்பிடியாய் நின்றது. நான் போய்ச் சேர்ந்தபோது காடாற்றுச் சடங்கும் முடிந்துவிட்டது. "சாப்பிட்டீங்களோ" என்று மட்டும் கேட்டாள். கப்பல் செய்தி உள்பக்கத்தில் ஆறு வரியாக வந்தது.

அதன் பிறகு அவள் திரும்பி வரவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நானும் வா என்று சொல்லவில்லை. மிஸ்கோல் மட்டும் நிற்கவில்லை.

எடுக்க வேண்டும்போல இருக்கும். ஒவ்வொரு மாதமும். ஆனால் மிஸ்கோலை எடுக்கக் கூடாது. அடிப்பவரின் காசு போகும், 'சேர்ந்துவிட்டேன்' என்ற செய்தி ஏற்கெனவே வந்துவிட்டது. எடுப்பது மரியாதைக் கேடு. இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விதி.

11 பெப்ரவரி

மழை. வேறில்லை.

19 பெப்ரவரி, வியாழன்

நோன்பு தொடங்கிவிட்டது. கடையில் தேநீர் இல்லை, கதை குறையவில்லை. மடிக்கிற போன் எத்தனை தரம் மடிந்தால் உடையும் என்று ஒரு மணிநேரம். வீட்டுக்குக் கொண்டுபோக எனக்கு மட்டும் ஹிஸ்புல்லா ஒரு போத்தல் கஞ்சி தந்தார்.

பஹ்மியிடம் கேட்டேன்: புதுச் சிம், புதுப் போன் என்றால் இலக்கம் மாறுமா? மாறாது, பாதைதான் மாறும் என்றான். பழைய போனிலிருந்து அடிக்கிறவர்களுடையதும் வருமா? வரும். ஒரு ரிங் மட்டும் அடித்தாலும் கேட்குமா?

"முந்தியவிடக் கெதியாக் கேக்கும், அண்ணன். நீங்க என்ன, பொலிஸ் விசாரணை மாதிரி."

26 பெப்ரவரி, வியாழன்

வாங்கிவிட்டேன். ஹிஸ்புல்லா கண்ணாடித்தாள் ஒட்டினார், பிரசாந்தினி பழைய போனிலிருந்த பெயர்களை எல்லாம் இதற்கு மாற்றித் தந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு பேர். மீனவர் சங்கத் தலைவர்கள், செயலாளர்கள், இறந்துபோன இருவர்.

பூரணியின் இலக்கம் அதில் இல்லை. நான் அதைப் பதிந்து வைத்ததில்லை, மனப்பாடம். பதிவதென்றால் பெயர் கேட்கும். பூரணி என்று போடுவதா, வீடு என்றா, திரியாய் என்றா? ஒவ்வொன்றும் ஒரு கேள்வியாய் நிற்கும்.

"வேண்டாத கோல் ஒண்டும் இனி உங்கட நித்திரையக் குழப்பாது" என்றார் ஹிஸ்புல்லா. "அதுக்கும் ஒரு காவல் போட்டிரிக்கன்."

10 மார்ச், செவ்வாய்

3.38 போனது. 4.20 போனது. 6.05 போனது.

11 மார்ச்

வரவில்லை.

13 மார்ச், வெள்ளி

ஒரு செய்திக்காக என்று பொய் சொல்லிப் பஹ்மியிடம் கேட்டேன்: திரியாய்ப் பக்கம் பழைய நெட்வேர்க் நின்றுவிட்டதா? இல்லையாம். "அங்க இன்னும் ஓடுது. இருபதாந் திகதிதான் நிப்பாட்டுவம்."

நின்றுவிட்டது என்று சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்.

கிளினிக்கில் வேலை செய்யும் ஒருவரிடமும் சுற்றிவளைத்துக் கேட்டேன். பத்தாந் திகதி வந்தவ, சிரிச்சுக் கதைச்சுப் போனவ என்றார். ஆக, கோபுரம் வேலை செய்கிறது. ஆள் சுகம். பஸ் ஓடியிருக்கிறது. மிச்சம் ஒரே ஒரு விளக்கந்தான்.

ஏன்? நான் என்ன செய்தனான்? ஒண்டும் செய்யேல்லையே — அதுதானோ? பதினொரு வருஷம் ஒண்டும் செய்யாமல் இருந்தனான், அது காணாதோ?

இலக்கத்தை அழுத்திப் பார்த்தேன். ஒன்பது எண் வரைக்கும் போகிறது. பத்தாவதை அழுத்த ஏலாமல் கிடக்கு.

19 மார்ச், வியாழன்

பெருநாள் நெருங்குகிறது. கடையில் கால் வைக்க இடமில்லை, எல்லாருக்கும் புதுப் போன். ஹிஸ்புல்லா என்னைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டு ஓடித்திரிந்தார். துறைமுகத்தில் சீமெந்துக் கப்பல் ஒன்று. அனுப்பவில்லை, யாருக்கு வேண்டும்.

என் போன் நாள் முழுக்க அமைதி. நல்ல போன்தான், மூன்று நாளாக சார்ஜ் போடவில்லை.

23 மார்ச், திங்கள்

நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன்.

பெருநாள் இனிப்பான வட்டிலப்பத்துடன் கடையில் நால்வரும் இருந்தோம். பிரசாந்தினிக்கும் பஹ்மிக்கும் வாக்குவாதம். எந்தப் போனின் காவல் நன்றாக வேலை செய்கிறது, அவளுடையதா என்னுடையதா? ஒப்பிட்டுப் பார்க்க என்னுடையதை வாங்கினாள். தடுத்த அழைப்புகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறதாம். எனக்குத் தெரியாது.

"அண்ணா, உங்களை ஒரு கள்ளன் விடாமல் துரத்துறான்" என்று வாசித்தாள். "ஒரே நம்பர். பத்தாந் திகதி ஒண்டு. பத்தொன்பதாந் திகதி அஞ்சு."

இலக்கத்தைச் சொல்லச் சொன்னேன். சொன்னாள். ஏழாவது எண்ணிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இருந்தும் பத்தையும் கேட்டேன்.

பஹ்மி விளக்கினான். ஒரு ரிங்கோடு வைத்துவிட்டு, நாங்கள் திருப்பி எடுத்தால் காசை உறிஞ்சும் மோசடி உலகம் முழுக்க இருக்கிறதாம். பதிந்து வைக்காத இலக்கம், ஒரே ரிங் என்றால் கள்ளன் என்றுதான் போனுக்குப் படிப்பித்திருக்கிறார்கள். ஒருமுறை கள்ளன் என்று குறித்துவிட்டால் பிறகு எவ்வளவு நேரம் அடித்தாலும் விடாது. "நாங்க அடிக்கிற மிஸ்கோல் அதுக்கு விளங்காது, அண்ணன்."

நேரங்களைக் கொப்பியில் குறித்தேன். 10ஆந் திகதி: 3.51. 19ஆந் திகதி: காலை 10.12, 10.13, 10.40, 11.25. கடைசி பிற்பகல் 4.02, நாற்பத்தொரு செக்கன் அடித்திருக்கிறது.

நாற்பத்தொரு செக்கன் மிஸ்கோல் அல்ல.

"ஆர் அண்ணா?" என்றாள் பிரசாந்தினி.

"என்ர மனிசி."

மூன்று பேரும் கரண்டியைக் கீழே வைத்தார்கள். எனக்கு மனைவி இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. ஹிஸ்புல்லாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நான்தான் போட்ட காவல்" என்று இரண்டு தரம் சொன்னார்.

"என்னத்துக்கு இரிக்கிறீங்க, எடுங்கவன்" என்றான் பஹ்மி.

எடுத்தேன். பத்து எண்ணும். தொடர்புகொள்ள முடியவில்லை என்று ஒரு பெண் குரல் மூன்று மொழியில் சொன்னது. பஹ்மி தலையில் கை வைத்தான். திரியாய்க் கோபுரத்தின் பழைய நெட்வேர்க்கை வெள்ளிக்கிழமை நிறுத்திவிட்டார்கள்.

24 மார்ச், செவ்வாய், திரியாய்

முதல் புல்மோட்டை பஸ். சந்தியில் இறங்கி நடந்தேன்.

பூரணி விறாந்தையில் கதிரையில் இருந்தாள், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. காலடிச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பினாள். யார் என்று கேட்கவில்லை. குசினியிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தார். புல்மோட்டையைச் சேர்ந்த றிஷானா டீச்சர், அவளோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்.

வெள்ளிக்கிழமை வலக்கண்ணில் வெண்புரைச் சத்திரசிகிச்சை. முதல் நாள்தான் திகதி சொன்னார்களாம், கூட ஒருவர் கட்டாயம் வரவேண்டும் என்று. அதற்குத்தான் ஐந்து தரமும்.

"பிறகுதான் எனக்கு அடிச்சா" என்றார் றிஷானா டீச்சர். "நீங்க கோவத்தில எண்டு நினைச்சம்."

முழுவதையும் சொன்னேன். கம்பனி, புதுப் போன், காவல், ஒரு ரிங், கள்ளன். செய்தி சொல்வதுபோலத்தான் வந்தது.

"கள்ளியெண்டோ?" என்றாள் பூரணி. வாய் கோணியது. "சிரிக்க வையாதேங்கோ. கண் நோகும்."

பிறகு, வேறு குரலில்: "பதினொரு வருஷம் நீங்கள் எடுக்கேல்லை. அண்டைக்கும் எடுக்கேல்லை. எனக்கு அதில என்ன புதினம்?"

"மிஸ்கோலை எடுக்கக் கூடாதெல்லோ."

"ஆர் சொன்னது?"

என்னிடம் ஆதாரம் இல்லை.

"ஒவ்வொருக்காலும் எடுப்பீங்கள் எண்டு பாத்தனான்" என்றாள்.

எடுப்பது. எங்கள் ஊரில் ஒருவரைத் தொலைபேசியில் அழைப்பதும் எடுப்பது, வரும் அழைப்புக்குப் பதில் சொல்வதும் எடுப்பது. எதைச் சொன்னாள் என்று கேட்கவில்லை. இரண்டையும் நான் செய்யவில்லை.

றிஷானா டீச்சர் நாளை வீட்டுக்குப் போகவேண்டும். கண்ணுக்கு மருந்து நாளுக்கு ஆறு தரம், நான்கு கிழமை. தானே விட்டால் கன்னத்தில்தான் விழுகிறது. "நாலு கிழமைக்குத்தான்" என்றாள் பூரணி. என்னிடம் அல்ல, டீச்சரிடம்.

28 மார்ச், சனி

ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, மூன்று, ஆறு, ஒன்பது. ஒரு துளி. பிறகு இரண்டு நிமிடம் கண்ணை மூடியிருக்க வேண்டும். அந்த இரண்டு நிமிடமும் முகத்தைப் பார்க்கலாம். அவளுக்குத் தெரியாது. தெரியுமோ?

ஹிஸ்புல்லா பஸ்ஸில் ஒரு போன் அனுப்பியிருக்கிறார், அவளுக்கு. கூடவே ஒரு துண்டு: 'காவல் இல்லை.'

2 ஏப்ரல்

இங்கே சிக்னல் கிணற்றடியில் மட்டும், இரண்டு கோடு. பஹ்மியிடம் குரற்செய்தியில் முறைப்பட்டேன். பலகாலம் இல்லாமல் இருந்தவன் இப்போது கோடு கேட்கிறேன். உயர்ந்த அலைவரிசைதான் தூரம் போகும் என்று அவன் ஏதோ அவசரத்தில் உளறிவிட்டான். பூரணி கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முப்பது வருடம் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பித்தவள்.

"தொளாயிரம் மெகாஹேர்ட்ஸுக்கு அலைநீளம் முப்பத்துமூண்டு சென்ரிமீற்றர் எண்டு சொல்லுங்கோ அந்தத் தம்பிக்கு. அலைவரிசை குறைஞ்சதுதான் தூரம் போகும். கோபுரத்தில ஏறமுதல் இதைப் படிச்சிட்டு ஏறட்டும்."

அப்படியே அனுப்பினேன். கடை முழுக்கச் சிரிப்பாம். பஹ்மி அவளைக் கடை ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டான். மடிக்கிற போன் வேண்டாத செலவு என்பது அவளுடைய முதல் கருத்து. பிரசாந்தினியோடு தகராறு தொடங்கிவிட்டது.

14 ஏப்ரல், செவ்வாய்

வருடப்பிறப்பு. இரண்டாம் செவ்வாயும்கூட, கிளினிக் பிற்போடப்பட்டுவிட்டது. வருடப்பிறப்புக்குத் தலையில் வைத்துக் குளிக்கும் மருத்துநீரை எனக்கு வைத்துவிட்டாள். அவளுடைய தலை இன்னும் நனையக் கூடாது. என் உச்சியில் வைத்த கையைச் சற்று நேரம் எடுக்கவில்லை. தலைமயிர் கொட்டிவிட்டது என்றாள்.

17 ஏப்ரல், வெள்ளி

மருந்து முடிந்தது. போத்தலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். கொழும்பிலிருந்து ஆசிரியர் பீடம் கேட்கிறது, எப்போது திரும்புவீர்கள் என்று. அறியத்தருகிறேன் என்றேன். என் பை அலுமாரிக்குப் பக்கத்தில் தரையில்தான் இருக்கிறது.

20 ஏப்ரல், திங்கள்

மருந்து முடிந்து மூன்று நாள். பஸ் நேரத்தை அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

காலையில் சட்டையைத் தேடினேன். பை காலியாகக் கிடந்தது. உடுப்பெல்லாம் அலுமாரியில், மேல்தட்டில்.

பின்னேரம் கிணற்றடியில் நின்று, 5ஜி பற்றிய பஹ்மியின் நீண்ட விளக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"இஞ்சாருங்கோ."

ஒரு தரந்தான் கூப்பிட்டாள்.

"ஓம், வாறன்" என்றேன். பஹ்மி இன்னும் கதைத்துக்கொண்டிருந்தான்.