பள்ளத்தில் எறிந்த என் கிழிந்த பூட்ஸ்

அன்பு மகளுக்கு, அப்பா சொல்ல அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், என் இருமல் குறைந்துவிட்டது, அம்மாவின் கண்ணாடிக்குப் புதுச் சட்டம் போட்டாயிற்று, அதனால் இந்தத் தடவை வரி நேராக இருக்கும். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், காலுறை போடாமல் தரையில் நடக்காதே. என் கால் கட்டைவிரலை டாக்டரிடம் காட்டி அறுத்து நிமிர்த்திக்கொள் என்று போன தடவையும் சொன்னாய், அதற்குப் பதில் கடைசியில் வரும். போனில் சொன்னால் வேலை அவசரத்தில் பாதிதான் கேட்பாய், அதனால்தான் அம்மாவை உட்கார்த்தி எழுதச் சொல்கிறேன். சின்னப் பிள்ளையில் நானும் சுருட்டையும் படையில் இருந்த போர்க் கதையைச் சொல்லும்போதெல்லாம் ஒரே இடத்தில் நிறுத்தி, சுருட்டை மாமா ஏம்ப்பா உன் கிழிஞ்ச பூட்ஸைப் பள்ளத்துல எறிஞ்சார் என்று கேட்பாயே, நினைவிருக்கிறதா. தூங்கு என்று அதட்டுவேன், ஏனென்றால் எனக்கும் தெரியாது. போன வாரம் அந்தப் பதில் வீடு தேடி வந்தது.

பகல் சாப்பாடு முடிந்த நேரம், குடையும் தோள்பையுமாக ஓர் அம்மாள் வாசலில் நின்றாள், என்னைவிட நாலைந்து வயது சின்னவளாக இருக்கும். சலவைக்கடை வைத்திருக்கிறாளாம், உட்கார்ந்ததுமே நாற்காலி விரிப்பில் இருந்த கறையைப் பார்த்து இதற்கு எலுமிச்சை போதும் என்றாள், உன் அம்மாவுக்கு அவளை உடனே பிடித்துவிட்டது. பிறகுதான் தான் சுருட்டையின் தங்கை என்றாள், குடித்துக்கொண்டிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் படையில் லாரி ஓட்டியவன் ஒருவன் அவள் கடைக்குத் துணி போட வந்து பேச்சுவாக்கில் என்னைப் பற்றிச் சொல்ல, விலாசம் வாங்கி ரயிலேறி வந்திருக்கிறாள். அவளுக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும், அண்ணன் நின்றானா ஓடினானா. அவர்கள் வீட்டுக்கு வந்த தாளில் காணவில்லை என்று மட்டும் இருந்ததாம். ஓடித்தான் போயிருப்பான் என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்களாம், அவள் அப்பா அவன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி அலமாரியில் குப்புற வைத்தவர் சாகும்வரை திருப்பவில்லையாம். அவளும் இத்தனை வருஷமாகத் திருப்பவில்லை, உண்மை தெரியாமல் மாட்டி வைக்க மனசு வரவில்லை என்றாள்.

உனக்குச் சொன்னபடியேதான் அவளுக்கும் சொன்னேன், ஒரு வார்த்தை மாறவில்லை என்பதற்கு அம்மா சாட்சி. கணவாயில் எங்கள் கூட்டம் சிதறியது, எங்கள் அதிகாரி தொடையில் குண்டு பட்டுக் கிடந்தார், அவரை நான் முதுகில் சுமந்து கீழே பாலத்தைக் கடக்க வேண்டும், அதுவரை ஒருவன் மேலே பாறை இடுக்கில் துப்பாக்கியோடு இருந்து எதிரியைத் தடுக்க வேண்டும். யாரும் கேட்காமலே சுருட்டை நான் இருக்கிறேன் என்றான். என் பூட்ஸ் வாய் பிளந்து கிடந்தது, அவன் தன்னுடையதைக் கழற்றி என் பக்கம் தள்ளினான், எனக்கு அளவு சின்னது, கட்டைவிரலை மடக்கித்தான் நுழைக்க முடிந்தது. கிழிந்ததையாவது நீ போட்டுக்கொள்ளடா என்று நீட்டினேன், வாங்கினான், இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பள்ளத்தில் எறிந்தான். காலடியில் பனி, அதற்கடியில் கத்தி மாதிரிக் கல், அதில் வெறுங்காலோடு குந்திக்கொண்டு போடா என்றான். நாங்கள் பாலத்தைத் தாண்டும்வரை அவன் துப்பாக்கி கேட்டது, தாண்டிய பிறகும் கொஞ்ச நேரம் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை. மலை எதிரி கைக்குப் போய்விட்டதால் யாரும் தேடப் போக முடியவில்லை. ஆஸ்பத்திரியில் என்னை விசாரிக்க வந்தவரிடம் எல்லாம் சொன்னேன், தலையாட்டிக்கொண்டு போனார், அது அந்த வீடுவரை போய்ச் சேரவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

அந்த அம்மாள் பூட்ஸ் பேச்சு வந்ததும் நிமிர்ந்தாள், அவனாகக் கழற்றினானா நீங்கள் கேட்டீர்களா என்றாள், அவனாகத்தான் என்றேன், உங்களுடையதையும் எறிந்தானா என்று இன்னொரு தடவை கேட்டாள், ஆமாம் என்றேன். உடனே சிரிக்க ஆரம்பித்தவள்தான், கண்ணில் நீர் வழிய வழியச் சிரிக்கிறாள், அம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். வீட்டில் அவனுக்கு முயல் என்று பெயராம். பரீட்சை எழுதப் போய் ஓடியவனாம், முதல் வேலையில் ஆலைச் சங்கு ஊதினதும் ஓடியவனாம், கல்யாணப் பேச்சை எடுத்தால் பின்வாசல் வழியாகக் காணாமல் போய்விடுவானாம். பல் பிடுங்கப் போன இடத்தில் கழுத்தில் கட்டிய துண்டோடு ஓடிவந்தானாம். மறுநாள் வலி தாங்காமல் திரும்பப் போனபோது தங்கையையும் கூட்டிக்கொண்டு போனானாம், தார் ரோடு கொதிக்கிற உச்சி வெயில் நேரம், படியிலேயே செருப்பைக் கழற்றி அவள் கையில் கொடுத்துச் சொன்னானாம்: "இதை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிடு. கால்ல செருப்பு இருந்தா நான் ஓடிடுவேன்."

அம்மாதான் மெல்ல, அப்படியானால் அந்த பூட்ஸ் உங்களுக்காகக் கொடுத்தது இல்லையா என்றாள், இதை எழுதும்போதும் சிரிக்கிறாள், பார்த்துக்கொள். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், என் காலைப் பார்த்து இரக்கப்பட்டான் என்றே நாற்பது வருஷமாக ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஒருவேளை இரண்டும்தானோ என்னவோ. ஓடத் தோன்றியதால் கழற்றினானா, இல்லை பிறகு தோன்றும் என்று முன்னாலேயே தெரிந்து வைத்திருந்தானா, அன்றிலிருந்து இதையே புரட்டிக்கொண்டிருக்கிறேன், உனக்கு ஏதாவது பட்டால் எழுது. அவன் பயமே தெரியாதவன் என்றுதான் உனக்குச் சொல்லி வளர்த்தேன், அது தப்பு, திருத்திக்கொள்.

கிளம்பும்போது அந்த பூட்ஸ் இருக்கிறதா என்று கேட்டாள். வீங்கின காலிலிருந்து கழற்ற முடியாமல் ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்துக் குப்பையில் போட்டார்கள் என்றேன், முகம் வாடிவிட்டது. காலைக் காட்டுங்களேன் என்று அம்மா சொல்லத்தான் எனக்கு உறைத்தது. காட்டினேன். மடங்கினபடியே நின்றுவிட்ட இந்தக் கட்டைவிரலை, சின்ன வயதில் நீ கொக்கி என்று கேலி செய்வாயே, அதை அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கறை பார்க்கிறவள் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "எங்க அண்ணனுக்குச் சின்னக் கால்தான்" என்றாள். ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தாள், படத்தை மாட்டியாயிற்றாம், ஆணி அடித்த இடத்தில் காரை கொஞ்சம் உதிர்ந்ததாம்.

அதனால் அறுக்கிற பேச்சை விட்டுவிடு, விரல் இருக்கிறபடியே இருக்கட்டும், வரும்போது முன்பக்கம் அகலமாக ஒரு செருப்பு மட்டும் வாங்கிவா, மறக்காதே. புது வேலையில் பயமாக இருக்கிறது என்றாயே, இருக்கட்டும், அதற்காக இந்த வீட்டில் உன்னை யாரும் குறைவாக நினைக்கப்போவதில்லை. நீங்கள் இருவரும் நிறைந்த ஆயுளோடு நன்றாக இருங்கள்.

சொன்னது அப்பா, எழுதியது அம்மா, விரலைப் பற்றிய முடிவு இருவருடையது.