மேனேஜர் அடங்கிவிட்டதாம்

அன்புள்ள அண்ணா,

இதை யாரிடமும் காட்டாதே, அண்ணியிடம்கூட வேண்டாம். அம்மாவிடம் பேசும்போது அண்ணி வாய் தவறிச் சொல்லிவிட்டால் அப்பா என்னைச் சும்மா விடமாட்டார். எழுதி முடித்ததும் அம்மாவின் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிட்டு, தாளைக் கிழித்துவிடுவேன். அம்மா வழக்கமாகக் கேட்பதை நானும் கேட்கிறேன், உடம்பு எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, ஈரத் தலையோடு படுக்காமல் இருக்கிறாயா. இங்கே நாங்கள் மூவரும் சுகம். மேனேஜர் சுகமில்லை. குட்டியாக இருந்தபோது நீ சட்டைக்குள் வைத்துத் தூக்கி வந்த அதே மேனேஜர்தான் இப்போது என் காலடியில் கிடக்கிறது.

நாய் அடங்கிவிட்டது, அரிப்பும் போய்விட்டது என்று அம்மா உன்னிடம் சந்தோஷமாகச் சொன்னாள் அல்லவா, அதை நம்பாதே. அரிப்புக்குக் கால்நடை டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார், தோல் ஆறிவிட்டது, ஆனால் வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தது, வைத்ததையெல்லாம் தின்றுவிட்டுப் பக்கத்துத் தட்டையும் பார்த்தது. அப்பாவுக்குப் போட்டியாகத் தொப்பை வைக்குது என்று நம் பட்டறையில் சோபா தைப்பவர்கள் சிரித்தார்கள். பிறகு பல் டாக்டர் வீட்டுக்குத் தைத்து முடித்திருந்த சோபாவிலேயே மூத்திரம் போய்விட்டது. அப்பா அதட்டினார், அது அவரைப் பார்த்து உறுமியது. அன்றைக்கே அப்பா, தோல்தான் சரியாப்போச்சே, இனிமே மாத்திரையும் கிடையாது, கிண்ணம் நிறையத் தண்ணியும் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

டாக்டரிடம் போனபோது நானும் கூட இருந்தேன் அண்ணா. திடீர்னு நிறுத்திடாதீங்கம்மா, நான் சொல்றபடி கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும், இல்லேன்னா உசுருக்கே ஆபத்து என்று அவர் அம்மாவிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். வீட்டில் சொன்னேன். அப்பா, மேடம் எப்ப டாக்டருக்குப் படிச்சாங்க என்று கேட்டார். அம்மா, அவர் கோவம் தணியட்டும்டி என்று மாத்திரையை எங்கேயோ எடுத்து வைத்துவிட்டாள். எனக்குக் கிடைத்தாலும் இப்போது எவ்வளவு கொடுப்பது என்று தெரியவில்லை, கொடுக்கவே பயமாக இருக்கிறது.

நேற்று முதல் சாப்பிடவில்லை. மஞ்சளாக வாந்தி எடுத்தது. எழுந்து நின்றால் பின்னங்கால் இரண்டும் நடுங்கி மடங்குகின்றன. அப்பா அதைப் பார்த்து, பாத்தியா, கண்டிச்சதுல எப்படி வழிக்கு வந்துடுச்சு என்று தட்டிக்கொடுத்தார், அது வாலைக்கூட ஆட்டவில்லை. அது அடங்கவில்லை அண்ணா, அதற்கு உடம்புக்கு முடியவில்லை. இவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது.

பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் பின்னால் பஞ்சு அடுக்கும் அறையில் தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினேன், முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. காதும் பாதமும் சில்லென்று இருக்கின்றன. உனக்கு அங்கே பகல்தானே. இங்கே விடியும் வரை காத்திருக்காதே, இதைப் பார்த்ததும் அப்பாவைக் கூப்பிடு, நீ சொன்னால் கேட்பார். டாக்டரை எழுப்பியாவது காட்டச் சொல், மாத்திரையை நிறுத்தியதை மறைக்காமல் சொல்லச் சொல். நான் எழுதியதாக மட்டும் சொல்லாதே. அம்மா உன்னை எப்போதும் நினைத்துக்கொண்டே இருக்கிறாள், அப்பாவும்தான், வெளியே காட்டமாட்டார். நீயும் அண்ணியும் நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் இப்போதே

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். இது தலையைக்கூடத் தூக்க