விடியுமுன் நான் ஊற்றிய தண்ணீர்

என்னங்க, இன்றைக்குக் காரை எடுக்காதீர்கள். “என் வண்டி ஒரு சொட்டு தண்ணி கேட்காது” என்று எல்லோரிடமும் பீற்றுகிறீர்களே, இரண்டு மாதமாக நீங்கள் எழும் முன்பே ரேடியேட்டரை நிரப்புவது நான்தான். சொன்னால் சண்டை, ஊற்றாவிட்டால் இன்ஜின் காலி. நடுவில் மாட்டிக்கொண்டு அக்கா வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்க முடியவில்லை.

தரையில் ஒழுகலே இல்லை, ஆனால் புகைக்குழாயில் வெள்ளைப் புகை. அப்படியென்றால் தண்ணீர் இன்ஜினுக்குள்ளேயே கசிந்து ஆவியாகிறது. தண்ணீர் உள்ளே போகாமல் அடைக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். ரேடியேட்டரில் குமிழ் குமிழாக வந்தால் சந்தேகமே இல்லை.

மெக்கானிக் அண்ணன் பத்து மணிக்கு வருவார். வாதாடாமல் சாவியைக் கொடுங்கள்.

சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள், முகம் வெந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமைதான் வருவேன். அக்கா வீட்டில் ஏழு மணிவரை தூங்கப் போகிறேன்.