காக்கா இறங்காத வாரம்

ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மலைக்காற்று. கொடியில் போட்ட பாப்பாவின் துணி எல்லாம் பக்கத்து வீட்டு வேப்பமரத்தில். பேச்சியக்கா எடுத்துக் கொடுத்தார், கூடவே ஒரு பாட்டம் பேச்சும். "கிளிப்பு மாட்டக் கூடாதா? எம்.ஏ. வரைக்கும் படிச்சிருக்க."

பாப்பா சாப்பாடு. காலை: கேப்பைக்கூழ், பாதி என்மேல். மதியம்: பருப்புச் சாதம், காக்கா வந்தது, கிண்ணம் காலி. சாயங்காலம்: காக்கா வரவில்லை, துப்பல்.

பத்து மாதத்துப் பிள்ளைக்கு இவ்வளவு பிடிவாதம் யார் கொடுத்தது? (இவர் வழிதான்.)

பின்வாசல் படியில் மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் நிற்கும் காக்காயிடம் கரண்டியை நீட்ட வேண்டும். "இந்தா காக்கா, பாப்பாவுக்கு வேணாமாம், நீயே சாப்பிடு." அது தலையைச் சாய்த்து ஒரு தத்து முன்னால் வரும். பாப்பாவுக்குப் பொறுக்காது. வாய் திறக்கும். கரண்டி சட்டென்று திரும்பி உள்ளே. தெருவில் எல்லாப் பிள்ளையும் இப்படித்தான் வளர்ந்தது, நான் உட்பட. ஆனால் மற்ற பிள்ளைகளுக்கு எந்தக் காக்காயும் சரி. இவளுக்கு அந்த ஒன்றுதான், கழுத்தோரம் ஓர் இறகு வெளுத்தது. வேறு காக்கா வந்தால் வாயை இறுக்கிக்கொள்கிறாள்.

போன வாரம் நர்சம்மா தராசில் வைத்துவிட்டுச் சொன்னது: "போன மாசத்து எடைதான்மா நிக்கிது. நல்லாக் குடு." கொடுக்க நான் இருக்கிறேன். வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

இவர் போன். மலைமேல், கேரளப் பக்கம், இவர் வேலை பார்க்கும் ஏலக்காய் எஸ்டேட்டில் குவார்ட்டர்ஸ் ஒதுக்கிவிட்டார்களாம். "திங்கக்கெழம ஜீப்புல மேல வந்துருங்க ரெண்டு பேரும்." பாப்பா பிறந்த நாளிலிருந்து காத்திருந்த செய்தி. சனிக்கிழமை வந்து திங்கள் விடியுமுன் மலையேறும் புருஷனோடு இனி ஒரே வீட்டில். ஒரு துணி மடிக்கும் நேரம் சந்தோஷமாக இருந்தேன். அதற்குள் வந்துவிட்டது கவலை.

"மேல காக்கா உண்டா?"

"என்னது?"

"காக்கா."

"சிக்னல் சரியில்ல, வச்சிர்றேன்."

ஞாயிறு வாசகர் வட்டத்தில் நான் பேச வேண்டும். "சீன இலக்கியத்தில் பறவைகளும் மனிதர்களும்: நம்பிக்கையும் பிரியமும்." ரஷ்யா, பிரான்சு எல்லாம் முன்னாலேயே மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சீனாதான் மிச்சம். கடைசியாக நான் முழுசாகப் படித்தது பால்பவுடர் டப்பா.

ஜூலை 9, புதன்

சாரல். பாப்பா தூங்கிய நேரத்தில் படித்தவை:

ஒரு துறவி. கல்யாணம் வேண்டாம் என்று மலையில் தனியாக இருக்கிறார். கொக்குகள்தான் பிள்ளைகள். விருந்தாளி வந்தால் கொக்கு பறந்து போய் அவரைக் கூட்டி வரும். (கொக்கு சாப்பிட அடம்பிடித்ததா? அது பற்றி ஒரு வரி இல்லை. எழுதியதெல்லாம் ஆண்கள்.)

நீர்க்காகம் வளர்க்கும் மீனவர்கள். கழுத்தில் ஒரு கயிறு, பெரிய மீனை அது விழுங்க முடியாது. ஆனால் வேலை முடிந்ததும் அதன் பங்கைக் கொடுத்துவிட வேண்டும். ஏமாற்றினால் மறுபடி தண்ணீரில் இறங்காதாம். — இது எனக்குக் கொஞ்சம் உறுத்தல். நான் எத்தனை மாதமாகக் கரண்டியை நீட்டி நீட்டி எடுத்திருக்கிறேன்.

கடலோரத்து ஆள். தினமும் போவான், கடல்பறவைகள் பயமில்லாமல் அவனைச் சுற்றி இறங்கும். ஒருநாள் வீட்டில், "ஒண்ணைப் பிடிச்சிட்டு வா" என்கிறார்கள். மறுநாள் போகிறான். பறவைகள் மேலேயே வட்டம் போடுகின்றன, ஒன்றும் இறங்கவில்லை.

இதைப் படித்துவிட்டு நிமிர்ந்தேன். சுவரில் காக்கா. இதைப் பிடித்து மேலே கொண்டுபோய்விட்டால் என்ன?

சத்தியமாக இதே வரிசையில்தான். கதை, காக்கா, யோசனை. இதற்குத்தான் அப்பா அவ்வளவு பாடுபட்டுப் படிக்க வைத்தார்.

மாலை பே.அக்காவிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"அடியாத்தீ! சனீஸ்வரன் வாகனத்த ஜீப்புல ஏத்தப் போறியா? அவரு தானா வந்தாலே ஏழரை வருசம் போக மாட்டாரு. நீ கூட்டிட்டுப் போயி வேற குடி வைக்கிற!"

"பிள்ள சாப்புடணுமேக்கா."

என்னைப் பார்த்தார். பாப்பாவைப் பார்த்தார். "கோழி கவுக்குற பஞ்சாரம் எங்கிட்ட ஒண்ணு சும்மாதான் கெடக்கு" என்றார்.

ஜூலை 10, வியாழன்

காற்று. கேஸ் வந்தது. பாப்பா சட்டை ஒன்றைக் காணோம்.

காக்கா இறங்கவில்லை.

வந்தது. கரண்ட் கம்பியில் உட்கார்ந்தது. கரண்டியைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. இறங்கவில்லை. பாப்பா மேலே கையைக் காட்டி, "க்கா... க்கா..." வாய் மட்டும் பூட்டு.

பஞ்சாரம் இன்னும் அக்கா வீட்டில்தான் இருக்கிறது. நான் யாரையும் ஒன்றும் செய்யவில்லை. நினைத்தது மட்டும்தான்.

காரணம் வேறாக இருக்கலாம். பே.அக்கா மாடியில் கருவாடு காயப் போட்டிருக்கிறார், அந்த மயக்கமாக இருக்கலாம். ஆனால் அதையும் அது தொடவில்லை.

மதியம் ஒரு முயற்சி. என் மனதில் ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டே கரண்டியை நீட்டினேன். சொல்லச் சொல்லக் கண்ணுக்குள் பஞ்சாரம்தான் தெரிகிறது. பிறகு கிண்ணத்திலிருந்து நிஜமாகவே ஓர் உருண்டை எடுத்துச் சுவரில் வைத்தேன். நீர்க்காகத்துப் பங்கு. அணில் தின்றது.

பாப்பா இரவு பால் மட்டும். கையைப் பிடித்துப் பார்த்தேன், மெலிந்த மாதிரி இருக்கிறது. நேற்றும் இதேதான் தோன்றியது. போன மாதமும்.

ஜூலை 12, சனி

காற்று ஓய்ந்தது. இவர் சாயங்காலம் வந்தார். சட்டையெல்லாம் ஏலக்காய் வாசனை, கையில் அவல்பூந்திப் பொட்டலம்.

ஒவ்வொரு வாரமும் நடப்பதே நடந்தது. செருப்பைக் கழற்றவில்லை, "ஏ அப்பு! என் தங்கம்! அப்பா வந்துட்டேன் பாரு!" என்று ஒரே பாய்ச்சலில் தூக்கினார். பாப்பா தெருவுக்கே கேட்கும்படி வீறிட்டாள். அவர் மார்பில் கையை ஊன்றித் தள்ளிக்கொண்டு என் பக்கம் சாய்ந்தாள். திருப்பிக் கொடுத்தார்.

"ஒரு வாரத்துல மறந்துருமா?"

"தூக்கக் கலக்கம்" என்றேன்.

"ஆமா, ஒவ்வொரு சனிக்கெழமையும் தூக்கக் கலக்கம்."

குளிக்கப் போனார். தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்கவில்லை.

காக்கா விஷயத்தைச் சொன்னால் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "மேல வந்து பிள்ள சாப்புடலைன்னா என்ன செய்வ?" என்றார்.

கீழே இறங்கிவிடுவேன் என்று அவருக்கே தெரியும்.

"அப்பக் காலைல புடிச்சிருவோம்."

ஜூலை 13, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும்.

பின்வாசலில் பஞ்சாரத்தை ஒரு குச்சியில் முட்டுக் கொடுத்து, குச்சியில் கயிறு கட்டி, கயிற்றின் நுனியோடு இவர் கதவுக்குப் பின்னால். உள்ளே அவித்த முட்டை. நான் ஜன்னலில், பாப்பாவோடு. பே.அக்கா சுவருக்கு அந்தப் பக்கம், "எனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லப்பா" என்று சொல்லிக்கொண்டே முக்காலி மேல் நின்று பார்த்தார்.

முதல் முறை கயிறு இழுத்தபோது மாட்டியது பே.அக்காவின் கோழி.

"தம்பி, அது முட்ட வைக்கிற கோழி. மேல கொண்டு போயிராதீக."

இரண்டாம் முறை. காக்கா இறங்கியது. ஆமாம், இறங்கியது! மூன்று நாள் இறங்காதது முட்டைக்கு இறங்கியது. அப்படியானால் கதை பொய், அதற்கு மனசும் தெரியாது ஒன்றும் தெரியாது என்று எனக்கு ஒரு நொடி நிம்மதிகூட வந்தது. இவர் இழுத்தார். அது முட்டையோடு வெளியே. பஞ்சார விளிம்பு வாலை லேசாக உரசியதுதான். போட்டது பாருங்கள் ஒரு சத்தம்.

தெருவில் இருந்த காக்கா எல்லாம் வந்துவிட்டது. பக்கத்து ஊர் சிலமலைக் காக்காயும் வந்திருக்கும். இவர் வெளியே தலையை நீட்டியதும் ஒவ்வொன்றாக இறங்கி உச்சந்தலையில் ஒரு தட்டு. யோசனை என்னுடையது. அடி இவருக்கு.

மதியம் பால் வாங்கப் போனவரை முக்குக் கடை வரை விரட்டியிருக்கின்றன. கறிவேப்பிலை வாங்க மறுபடி போனபோது ஹெல்மெட் போட்டுக்கொண்டு நடந்து போனார்.

பே.அக்கா: "என்ன தம்பி, நடந்து போறதுக்கும் ஹெல்மெட்டா? போலீசு கெடுபிடி சாஸ்தியாயிருச்சோ?"

நாலு மணிக்கு வாசகர் வட்டம். பாப்பா இடுப்பில். கொக்கு, நீர்க்காகம் வரை தாளைப் பார்த்துப் பேசிவிட்டேன். கடலோரத்து ஆளிடம் வந்ததும் தாளைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு என்ன வந்ததோ, காலையில் நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன். தலைமை தாங்கிய சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "ஏம்மா, அந்தக் கதைய வாசிச்சதுக்கு அப்புறமா பஞ்சாரம் வாங்குனீங்க?" என்றார்.

"ஆமா சார்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பாப்பாவும் சிரித்தாள், துரோகி.

கடைசியில் ஓர் அக்கா கேட்டார், பறவை பிடிக்கப் போவதற்கு முந்தி அந்த ஆளுக்கு அங்கே என்ன சோலி என்று. எனக்கு யோசிக்காமலே பதில் வந்தது. "ஒரு சோலியும் இல்லக்கா. சும்மா போவான், சும்மா இருப்பான்."

டிக்கெட் எடுக்காமல் பஸ்சில் ஏறியவள் மாதிரி வீடு வந்து சேர்ந்தேன். காக்கா கம்பியில் இல்லை. பாப்பா இரண்டு வாய்.

ஜூலை 14, திங்கள்

சாமான்: பாய், குக்கர், பாப்பா தொட்டில், ஸ்வெட்டர், கேப்பைமாவு, காய்ச்சல் மருந்து, இன்னொரு காய்ச்சல் மருந்து.

கிளம்பும்போது பே.அக்கா அழுதார். அழுதுகொண்டே, "கிளிப்பு எடுத்துக்கிட்டயா?"

இவர் ஜீப்புக்குள்ளும் ஹெல்மெட்டோடு. டிரைவர் ஒன்றும் கேட்கவில்லை, ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது. வளைவு ஏற ஏறக் குளிர். காது அடைத்தது, பாப்பாவுக்கும் அடைக்குமே என்று வழியெல்லாம் பால் கொடுத்தேன். பாதி மலையில் இவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். "இதுக்கு மேல அதுக வராது."

டிரைவர்: "ஏன் மாப்ளே, காக்காய்க்கும் செக்போஸ்ட்டு இருக்கா?"

மேலே மழை, மூட்டம். குவார்ட்டர்ஸ் இரண்டு அறை, தகரக் கூரை. வாசலைத் தாண்டினால் ஏலச்செடி. காக்கா இல்லை. தேடிவிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

மழை. தகரத்தில் இரைச்சல், ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கவில்லை.

காலை ஒன்றும் சாப்பிடவில்லை. மதியம் ஒன்றும் இல்லை. ஏலச்செடிக்குள் ஏதோ குருவி கத்தியது, கரண்டியை அந்தப் பக்கம் நீட்டினேன், "இந்தா குருவி." பாப்பா என்னைப் பார்த்த பார்வையில் அது பலிக்காது என்று தெரிந்தது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சேச்சி எட்டிப் பார்த்து, "கொச்சு ஊண் கழிச்சோ?" என்றார். சாப்பிட்டதா என்று கேட்கிறார். மலையாளத்திலும் இதே கேள்விதான் எனக்கு.

சாயங்காலம் இவர் வந்து தூக்கினார். வீறல். இனி சனிக்கிழமை மட்டும் இல்லை, தினமும்.

நாளையும் சாப்பிடாவிட்டால் வியாழக்கிழமை ஜீப்பில் இறங்குவது என்று முடிவு. இவரிடம் சொன்னேன். "சரி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் பையை அவிழ்க்கவில்லை.

ஜூலை 16, புதன்

வெயில் தலை காட்டியது. துணி காயப் போட்டேன், கிளிப் மாட்டி.

காலை சாப்பாடு: இல்லை.

மதியம் இவர் சாப்பிட வந்தார். பாப்பா வாசலில், பாயில். வந்த வேகத்தில் இரண்டு கையையும் நீட்டினார். அவள் உதடு பிதுங்க ஆரம்பித்தது.

"தூக்காதீங்க" என்றேன்.

"எம்புள்ளயத் தூக்கக் கூடாதா?"

"தூக்கணும்னு நெனைக்கவும் கூடாது."

"நெனைக்காம எப்பிடிடி இருக்கிறது?"

"படியில உக்காந்து சோத்தத் தின்னுங்க. இந்தப் பக்கம் திரும்பாதீங்க. ஏலச்செடியப் பாருங்க."

என் முகத்தில் என்ன கண்டாரோ, உட்கார்ந்தார். ரசஞ்சோறு. எங்களுக்கு முக்கால் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டார். முதலில் கோபத்தோடு. பிறகு பசியோடு. பிறகு நிஜமாகவே ஏலச்செடியைப் பார்த்தார், எங்கோ ஒரு செடியின் தண்டு சாய்ந்திருக்கிறதாம், முனகிக்கொண்டார்.

பாப்பா அவர் தாடை ஆடுவதைப் பார்த்தாள். இவர் சாப்பிடுவதை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது. இவர் வந்தாலே அவள் கத்துவாள், நான் உள்ளே தூக்கிப் போய்விடுவேன்.

பாயை விட்டு இறங்கினாள். தவழ்ந்தாள். நின்றாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். மறுபடி தவழ்ந்து போய் அவர் லுங்கியைப் பிடித்து எழுந்து நின்று, முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தாள்.

இவர் உறைந்துபோனார். திரும்பாமலே கை மட்டும் வந்தது, விரல் நுனியில் கொஞ்சம் சோறு. சாப்பிட்டாள். மறுபடி திறந்தாள். மறுபடி.

"பாக்கலாமா?" உதடு அசையாமல் கேட்டார்.

"பாக்காதீங்க."

இன்னொரு வாய். இன்னொன்று.

"ஏய்."

"என்ன?"

"கால்ல அட்டை ஏறியிருக்கு."

"அசையாதீங்க."

"ரத்தம் குடிக்குதுடி."

"அதுவும் சாப்புடட்டும்" என்றேன்.