அசையாத கோடு

ஆக. 11, திங்கள்

நாளெல்லாம் தூறல். ஸ்வெட்டர் காயவில்லை, ஈரத்தோடே போட்டுக்கொண்டு போனேன். கணக்கு டெஸ்ட் சுமார்.

மைதானம் முழுக்கச் சேறு. சுதந்திர தின விழா மாடியில், புது ஹாலில் என்று பிரின்சிபல் சிஸ்டர் மைக்கில் சொன்னார். ஒரே கூச்சல். ஹாலுக்கு நேர் கீழே எங்கள் 9-பி.

ஹாலைத் தாங்கும் பெரிய பீமுக்குள் அம்மாவின் வேலை இருக்கிறது. கான்கிரீட் ஊற்றும் முன் கம்பியோடு கண்ணாடி இழை கட்டியது அவள்தான். தலைமுடி போல மெல்லிசு. பீம் எவ்வளவு இழுபடுகிறது என்று ஒளி வழியாகச் சொல்லும். எங்கள் கிளாஸ் வாசலில் ஒரு பெட்டி, அதில் பச்சைக் கோடு. நேராகப் போனால் பத்திரம் என்று எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார்கள். காவ்யா (இனி கா.) தினமும் அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் நுழைவாள். "உங்கம்மா சாமி சௌக்கியமாடி?"

சாப்பிடும்போது நல்ல செய்தி என்று நினைத்துச் சொன்னேன். "சனிக்கிழமையே ஹாலுக்கு இரும்பு சேர் எல்லாம் ஏத்திட்டாங்கம்மா. கோடு அசையவே இல்ல."

அம்மா ரசத்தைக் கலக்குவதை நிறுத்தினாள். "அசையவே இல்லையா?"

ஆக. 12, செவ்வாய்

மழை, குளிர். காலையில் இட்லி ஆறிப்போச்சு. அம்மா லேப்டாப்பும் போனுமாக.

"சேர் ஏத்தி மூணு நாளாச்சு சார். ரெண்டும் இன்னும் ஏறிட்டே இருக்கு. இந்தக் குளிருக்கு இறங்கணும்."

அம்மாவின் மேனேஜர் ஸ்பீக்கரில்: "கோடு ஜீரோதானேம்மா? ஜீரோன்னா சந்தோஷப்படுங்க. சும்னே காரணமில்லாம பீதியக் கிளப்பிவிடாதீங்க."

கேட்டேன், சொன்னாள். உள்ளே இழை இரண்டு. ஒன்று கான்கிரீட்டை ஒட்டி. வெயிலும் இழுப்பும் சேர்த்துச் சொல்லும். மற்றது குழாய்க்குள் தளர்வாக. வெயிலை மட்டும் சொல்லும். கழித்தால் வருவதுதான் பச்சைக் கோடு. குழாய்க்குள் சிமெண்ட் பால் போய் இறுகியிருந்தால் இரண்டும் ஒரே மாதிரி இழுபடும். கழித்தால் எப்போதும் பூஜ்யம். பீம் என்ன ஆனாலும் பூஜ்யம்.

"யார்கிட்டயும் மூச்சு விடாத. பயந்து ஓடினாங்கன்னா படிக்கட்டுலயே மிதிபட்டுருவாங்க. நான் பாத்துக்கறேன்."

பயம்:
பீம்.
அம்மா வேலை.
கா. மேடையில் நடுவில் நிற்கப்போகிறாள்.

போர்வைக்குள் டார்ச். எழுத்து கோணல்.

ஆக. 13, புதன்

நாள் முழுக்க மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். ஹிந்தி மிஸ் சாக்பீஸ் எறிந்தார்.

கா.விடம் சொன்னேன்: "வெள்ளிக்கிழமை லீவு போடேன்."

கா.: "யாக்கே, எதுக்கு? நான்தான்டி பாரத மாதா. கிரீடம் வாடகைக்கு எடுத்தாச்சு."

மத்தியானம் அம்மா ஹெல்மெட்டோடு வந்தாள். என்னைத் தெரியாதவள் போல. பீமின் ஓரத்தை உளியால் கொத்திக் குழாய் நுனியைத் திறந்தாள். இழை தவிரக் காலியாக இருக்க வேண்டும். உள்ளே சாம்பல் நிறக் கல்.

வீட்டில், தட்டைப் பார்த்துக்கொண்டே: "கான்கிரீட் ஊத்தின அன்னைக்கு, குழாய் வாயை அடைக்கற மெழுகு தீந்துபோச்சு. லாரி வந்து நின்னுடுச்சு. மெழுகு வெச்சு அடைக்கறதுக்கு பதிலா டேப் சுத்திட்டேன்."

ஆக. 14, வியாழன்

தூறல். சாக்பீஸ் வாங்க ஆபீஸ் போனேன். உள்ளே அம்மா.

"கோடு நேராத்தானே இருக்கு?" சிஸ்டர்.

"அதான் தப்பு, சிஸ்டர். அவ்வளவு சேர் ஏத்தினா கொஞ்சமாவது வளையணும். அந்தத் தப்பு என்னோடது. ஹாலைப் பூட்டிடுங்க."

"உங்க மேனேஜர் வேற மாதிரி சொல்றாரே?"

"அவர் புள்ள இங்க படிக்கல."

மத்தியானமே ஹாலுக்குப் பூட்டு. எங்கள் பெஞ்சுகளுக்கு நடுவில் இரும்பு முட்டுகள். நாங்கள் லைப்ரரிக்கு.

கா. தள்ளி உட்கார்ந்தாள். "உங்கம்மாவாலதான்." மூச்சு விடமாட்டேன் என்று அம்மாவுக்கு வாக்கு கொடுத்திருக்கிறேன்.

மேனேஜர் அம்மாவை இனி வர வேண்டாம் என்றாராம். அம்மா தலைக்குக் குளித்தாள். சீக்கிரம் படுத்தாள்.

ஆக. 15, வெள்ளி

மழை விட்டு விட்டு. விழா சேற்றில்தான். பாரத மாதாவுக்கு சிஸ்டர் குடை பிடித்தார். லட்டு நமுத்துப்போயிருந்தது.

சிஸ்டர் கூப்பிட்டு அம்மா வந்திருந்தாள். பெட்டியில் கழித்தலை எடுத்துவிட்டு இரண்டு இழைகளையும் தனித்தனியாகக் காட்டும்படி மாற்றினாள். ஆட்கள் மேலிருந்து சேர்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கா. வந்தாள். முழங்கால் வரை சேறு, கிரீடம் கையில்.

"இப்ப ரெண்டு இருக்கு. எதைடி கும்பிடறது?"

பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கோடுகளும் இறங்கிக்கொண்டிருந்தன.