பொசுங்கிப்போன டிரான்சிஸ்டர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முட்டிவலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாரா?

ரேடியோ அலையைப் பெருக்கும் பவர் டிரான்சிஸ்டர் எப்படி நடந்துகொள்ளும் என்று கணினிக்குச் சொல்லிக்கொடுப்பதுதானே என் வேலை? மூன்று மாதம் உட்கார்ந்து ஒரு மாடல் எழுதினேன். நாற்பது வாட் தாங்கும் என்றது கணினி. செவ்வாய்க்கிழமை நிஜ டிரான்சிஸ்டரைச் சோதித்தபோது இருபதைத் தாண்டுவதற்குள் பொசுங்கிவிட்டது. ஓட ஓடச் சூடேறும், சூடேறினால் அதன் குணமே மாறும் என்பதை நான் மாடலில் சேர்க்கவே இல்லை.

"மூணு மாசமும் போச்சா?" என்றார் மேலாளர்.

"போச்சு சார்."

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பொசுங்கிய டிரான்சிஸ்டரைக் கழற்றும்போது விரல் கொப்பளித்ததைக்கூடப் பக்கத்து மேசைக்காரி சொல்லித்தான் பார்த்தேன். "வலிக்கலையாடி?" என்றாள். பயப்படாதே, சின்னக் கொப்புளம்தான், ஆறிவிட்டது. சூட்டையும் சேர்த்து முதலிலிருந்து எழுதுகிறேன்.

ஒரு சின்ன உதவி. ஞாயிற்றுக்கிழமை பேச ஒன்றுமில்லை என்று போனை வைத்துவிடாதே. போனை அப்படியே அடுப்பு மேடையில் வைத்துவிட்டு நீ பாட்டுக்குச் சமைத்துக்கொண்டிரு. நான் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பஸ் வந்துவிட்டது, நிறுத்துகிறேன்.

உன் மகள்